ஆறாம் மாடி ரோஜாவின் உரப் பதிவேடு

மனித குலம் இதுவரை வளர்த்த ரோஜாச்செடிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பதிவேடு இல்லாமல் வளர்ந்தவை, பதிவேட்டோடு வளர்ந்தவை. முதல் வகையில் பல கோடிச் செடிகள் உண்டு. இரண்டாம் வகையில் ஒன்றே ஒன்றுதான். அது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், சமையலறையை ஒட்டிய பால்கனியில், ஒரு மண்தொட்டியில் நின்றது. அதற்கு உரம் போட்ட நாள், நேரம், அளவு, போட்டவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து என்று ஐந்து கட்டங்களில் எழுதிய சான்று இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

இந்தப் பெருமை முழுவதும் அந்த வீட்டுத் தலைவரையே சேரும். முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். ஊரில் மேலே போகிற, கீழே வருகிற எந்தப் பெட்டியும் அவர் கையெழுத்து இல்லாமல் அசைந்ததில்லை. அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் அப்படித்தான். உள்ளே, பட்டன்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கும். 'நேரில் பார்த்தேன். சோதித்தேன். திருப்தி.' அதன் கீழே, வாலைச் சுருட்டிப் படுத்த பூனை மாதிரி ஒரு கையெழுத்து. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் சான்றிதழ் அது. இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருந்தது. நான்காவது மாடியைத் தாண்டும்போது அந்த லிஃப்ட் ஒருமுறை தொண்டையைச் செருமும், லேசாகக் குலுங்கும். புதிதாக வந்த விருந்தாளிகள் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆய்வாளர் புன்னகையோடு சான்றிதழைக் காட்டுவார். அவர்களும் அதைப் படித்துவிட்டுச் சுவரை விட்டுவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இனிமேல் அவருடைய கையெழுத்தைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. தண்ணீர் கேன் போடுகிற ஆள்கூட, மகளோடு அந்த வீட்டிலேயே இருந்த மருமகனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முதல் மாதம் முழுவதும் ஆய்வாளர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மனசு வலித்தது. மறைப்பானேன், நன்றாகவே வலித்தது.

அந்த நிலையில்தான் அவர் கண்ணில் ரோஜாச்செடி பட்டது. ஐந்து வருடமாக அது அங்கேதான் இருந்தது. அவர் கண்தான் இப்போது அங்கே போயிற்று. செடி மனைவியாருடையது. மனைவியார் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார். வாடிய பூவை நறுக்கிவிடுவார். வருடத்துக்கு இரண்டு தடவை, மக்கிய இலைக்குப்பையை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டுக் கிளறிவிடுவார். செடியும் அதன் பாட்டுக்கு ஐந்தும் ஆறுமாகப் பூத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"நான்தாங்க. தினமும் தண்ணி ஊத்தறேனே."

"அது எழுத்துல இருக்கா?"

எழுத்தில் இல்லை. ஐந்து வருடமாக ஓர் உயிர் எந்த ஆவணமும் இல்லாமல் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறது என்பதை நினைக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் 'பூச்செடி உரமிடல் நடைமுறை' என்ற பன்னிரண்டு பக்க ஆவணத்தோடு வந்தார். பத்துக் கிலோ உர மூட்டை ஒன்றும் கடையிலிருந்து வந்து சேர்ந்தது.

மூட்டையின் மேல் 'மாதம் ஒருமுறை, கால் கரண்டி' என்று அச்சிட்டிருந்தது. ஆய்வாளர் அதை மதிக்காமல் இல்லை. ஆனால் அது குறைந்தபட்ச அளவு என்று அவருக்குத் தோன்றியது. லிஃப்டை எத்தனைக்கு எத்தனை அடிக்கடி ஆய்வு செய்கிறோமோ அத்தனைக்கத்தனை அது பத்திரமாக இருக்கும். ரோஜாவுக்கு மட்டும் வேறு நியாயம் எங்கிருந்து வரும்? ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு முழுக் கரண்டி என்று தீர்மானித்தார்.

மனைவியார் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தார். மருந்துச்சீட்டில் தப்பைக் கண்டுபிடித்துப் பழகிய கண்.

"ஏங்க, மாசத்துக்கு ஒரு தடவை குடுக்க வேண்டியதை நீங்க ஒருநாள் விட்டு ஒருநாள் குடுக்கச் சொல்றீங்க. அதுவும் நாலு மடங்கு. வேர் வெந்து போயிடும்."

"நடைமுறைல இருக்கறதை வாய்ல விவாதிக்கக் கூடாது. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் அதை வாங்கி, 'பார்த்தேன்' என்று எழுதி, பூனைக் கையெழுத்தைப் போட்டு, கோப்பில் வைத்தார். வெகு நாள் கழித்து அவருடைய பேனா ஒரு வேலை செய்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மனைவியாருக்கே மேற்கொண்டு பேச மனம் வரவில்லை.

பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. உரம் போடுவது மனைவியார், மகள், மருமகன் ஆகிய மூவரும் முறை வைத்து. மேற்பார்வை, ஆய்வாளர். உரம் போட்டவர் பதிவேட்டில் கையெழுத்திட்டு அதைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆய்வாளர் நாற்காலியில் அமர்ந்தபடி, செய்தித்தாளை ஓர் அங்குலம் தாழ்த்தி, ஐந்தாவது கட்டத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவார். அந்த நாற்காலியிலிருந்து பால்கனி தெரியாது. நடுவில் சமையலறைச் சுவர் இருந்தது. அலுவலகத்தில் அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்தும் எந்த லிஃப்டும் தெரிந்ததில்லை. அனுபவம் உள்ளவர்களுக்குச் சுவர் ஒரு தடையில்லை.

ஒருநாள் மட்டும் சிறு சிக்கல் வந்தது. செவ்வாய்க்கிழமை பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த வார வெள்ளிக்கிழமைக்கும் மருமகன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை இன்னும் வரலையே?"

மருமகன் கணினியிலிருந்து தலையைத் திருப்பினார். "வேலையை முன்கூட்டியே முடிச்சிட்டேன் மாமா."

இப்படி ஒரு பொறுப்புணர்ச்சியை ஆய்வாளர் தம் சொந்த அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. மகளுக்கு நல்ல இடத்தில்தான் முடித்திருக்கிறோம் என்று நிம்மதியடைந்து, 'முன்கூட்டியே நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதம் கழிந்த நிலையில் மனைவியார் இன்னொரு காகிதம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். ஆய்வாளர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். "படிங்க" என்றார் மனைவியார். "படிக்கத்தான் போறேன்" என்று சொல்லி, 'பார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்திட்டு, கோப்பில் வைத்தார். மனைவியார் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாவது மாதம், பருவமும் சேர்ந்துகொள்ள, ரோஜாச்செடி பூத்துத் தள்ளியது. ஒரே நேரத்தில் இருபத்து மூன்று பூக்கள். கீழே தெருவில் போகிறவர்கள் கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்தார்கள். ஆய்வாளர் சமையலறை வாசல்வரை போய்ப் பூவைப் பார்த்தார். பாத்திரத் தொட்டிக்கு அடியில் இருந்த உர மூட்டையையும் எட்டிப் பார்த்தார். நாற்பத்து நான்கு தடவை போட்டும் மூட்டை மெலியவே இல்லை. நல்ல உரத்துக்கு அதுதான் அடையாளம் என்று அவருக்குப் பட்டது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 'இருப்பு: திருப்தி' என்று எழுதினார்.

செய்தி குடியிருப்போர் சங்கத்துக்கு எட்டியது. சங்கச் செயலாளர் ஒரு காலத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. ஆகவே கட்டடம் முழுவதும் அவருக்கு 'விசில் சார்' என்றுதான் பெயர். அவர் நேரில் வந்து பூக்களை எண்ணினார், பதிவேட்டைப் புரட்டினார், அசந்துபோனார். அந்த மாதமே சங்கம் 'பூச்செடி நலக் குழு' ஒன்றை அமைத்து ஆய்வாளரைத் தலைவராக்கியது. கீழ்த்தளக் கூடத்தில் 'உரமும் ஒழுங்கும்' என்ற தலைப்பில் அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முப்பத்திரண்டு வீடுகளுக்கும் பன்னிரண்டு பக்க நடைமுறை விநியோகிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதியிலும் அவரே கையெழுத்திட்டார். அன்றிரவு அவருக்குக் கை வலித்தது; ஆனால் நல்ல தூக்கம் வந்தது.

மனைவியார் சும்மா இருக்கவில்லை. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் போய், அந்தத் தாளை நம்பி உரத்தைக் கொட்டாதே, வெறும் தண்ணீர் போதும் என்று சொல்லிப் பார்த்தார். தையலம்மா ஒரு குச்சியிலிருந்து வளர்த்தெடுத்த செம்பருத்தி அவர் கடை வாசலில் ஒரு தொட்டியில் ஆளுயரத்துக்கு நின்றது.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க, சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே" என்றார் தையலம்மா.

மற்ற வீடுகளிலும் இதே பதில்தான் வந்தது. அந்த முப்பத்தொரு வீட்டாரும் பாவம், அலுவலகப் பயிற்சி இல்லாதவர்கள். ஆகவே எழுதியிருந்ததை அப்படியே செய்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு முழுக் கரண்டி.

முதல் வாரம் இலைகள் கரும்பச்சையாகப் பளபளத்தன. எல்லோரும் ஆய்வாளரைப் பாராட்டினார்கள். இரண்டாம் வாரம் இலை ஓரங்கள் பழுப்பேறின. கொஞ்சம் பொறுங்கள் என்று ஆய்வாளர் சொன்னார். மூன்றாம் வாரம் மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படர்ந்தது. இரண்டாம் மாடிப் பல் மருத்துவரின் மல்லிகை, மொட்டு ஒன்று விடாமல் உதிர்த்தது. தையலம்மாவின் செம்பருத்தி இலைகளையெல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. தையலம்மா இரண்டு நாள் கடையைத் திறக்கவே இல்லை.

விசில் சார் ஞாயிறு மாலை மொட்டை மாடியில் அவசரக் கூட்டம் போட்டார். பாதிக்கப்பட்டவர்கள் தொட்டியோடு வர வேண்டும் என்று அறிவிப்பு. வந்தார்கள். லிஃப்ட் பதினொரு தடவை மேலும் கீழும் போய்க் காய்ந்த செடிகளைச் சுமந்து வந்தது. பதினொரு தடவையும் நான்காவது மாடியைத் தாண்டும்போது செருமியது.

ஆய்வாளர் பதிவேட்டையும் கோப்பையும் கையில் எடுத்துக்கொண்டு கலங்காமல் வந்தார். பின்னால் குடும்பத்தினர் வந்தார்கள். உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பயம்தான். இந்த ஒரு கையெழுத்தும் செல்லாது என்று ஆகிவிட்டால் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் முகத்தில் பயத்தைக் காட்டவிடவில்லை.

"ஒரே ஒரு கேள்வி" என்று அவர் தொடங்கினார். "உங்கள்ல எத்தனை பேர் பதிவேடு வெச்சீங்க?"

யாரும் கை தூக்கவில்லை.

"அதான் காரணம்."

பல் மருத்துவர் எழுந்தார். "பதிவேடு வெச்சிருந்தா என் மல்லி பொழைச்சிருக்குமா?"

"என் ரோஜா பொழைச்சிருக்கே. அதே உரம், அதே அளவு. வித்தியாசம் பதிவேடு மட்டும்தானே?"

கூட்டம் யோசித்தது. மறுத்துப் பேச வழியில்லாத வாதம். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் நோட்டு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்றுகூட விசாரித்தார். அப்போதுதான் தையலம்மா, தானும் அதே மாதிரி கோடு போட வேண்டும், அந்தப் பதிவேட்டை ஒருதரம் காட்டுங்கள் என்று கேட்டார். ஆய்வாளர் மகிழ்ச்சியோடு பதிவேட்டையும் கோப்பையும் விசில் சாரிடம் கொடுத்தார். விசில் சார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். அறுபது தேதிகள், அறுபது கரண்டிகள், அறுபது 'நேரில் பார்த்தேன்'. பிறகு கோப்பைத் திறந்தார். முதல் காகிதம் மனைவியாரின் ஆட்சேபம். அதைப் படித்ததும் சலசலப்பு எழுந்தது. இரண்டாவது காகிதத்தைப் பிரித்ததும் விசில் சாரின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் படித்தார்.

"'இதனால் தெரிவிப்பது. ரோஜாவுக்கு இதுவரை ஒருநாளும் மூட்டை உரம் போடவில்லை. இனியும் போட மாட்டோம். நாங்கள் மூவரும் கையெழுத்து மட்டுமே போட்டு வருகிறோம். தண்ணீர் மட்டும் வழக்கம்போல ஊற்றுகிறேன். மனைவி.' கீழ, 'பார்த்தேன்'னு போட்டு சார் கையெழுத்து இருக்கு."

விசில் சார் காகிதத்தைத் திருப்பிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இது... இது சரிபார்க்கப்பட வேண்டிய விஷயம்" என்றார் ஆய்வாளர். சரிபார்க்கப்பட்டது. மருமகன் ஓரெட்டு வீட்டுக்குப் போய் உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். மூட்டையின் வாயில் கடையில் போட்ட தையல் ஒரு நூல்கூடப் பிரியாமல் அப்படியே இருந்தது. தையலைப் பார்த்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் தையலம்மாவை விடத் தகுதியானவர் யாரும் இல்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பிரிச்சுத் தைச்சது இல்ல. கடையில போட்ட தையலேதான்."

ஆய்வாளர் மனைவியாரைப் பார்த்தார். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"எழுதிக் குடுக்கச் சொன்னீங்க. எழுதிக் குடுத்தேன்" என்றார் மனைவியார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒருநாள், ஒரே ஒருநாள் பால்கனிக்கு வந்து நின்னிருந்தீங்கன்னா நாங்க போட்டிருப்போம்ப்பா" என்றாள் மகள். "அப்ப நம்ம ரோஜாவும் செத்திருக்கும்."

அந்த வகையில், ஆய்வாளரின் மேற்பார்வையால்தான் ரோஜா பிழைத்தது என்பதை நடுநிலையாளர்கள் யாரும் மறுக்க முடியாது. அவர் மட்டும் ஒரேயொரு நாள் கடமையைச் செய்திருந்தால் அந்தச் செடி அன்றோடு போயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஆய்வாளருக்கு இந்தப் பெருமை எதுவும் நினைவுக்கு வரவில்லை. குச்சியாக நின்ற செம்பருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முப்பத்து நான்கு ஆண்டுகளில் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இப்ப என்ன செய்யணும்? நீ சொல்லு."

மனைவியார் செம்பருத்தித் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது. "உயிர் இருக்கு. மேல இருக்கற வெள்ளையைச் சுரண்டி எடுத்துட்டு, தொட்டி அடியில ஒழுகி ஓடற வரைக்கும் தண்ணியை ஊத்துங்க. நின்னதும் மறுபடி ஊத்துங்க. உப்பெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும். ரெண்டு மாசத்துக்கு உரத்தைக் கண்ல காட்டாதீங்க."

இருண்டிருந்த முகங்கள் தெளிந்தன. மல்லிகையும் தேறிவிடும் என்று தெரிந்ததும் பல் மருத்துவர் பல் தெரியச் சிரித்தார். தையலம்மா, அடுத்த உரையைச் சார் தண்ணீரைப் பற்றி வைத்துக்கொள்ளட்டும், பன்னிரண்டு பக்கம் வேண்டாம், ஒரு வரி போதும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டை மாடியில் குழாய் கிடையாது. வாசலருகே உள்ள பெரிய குழாயில்தான் அத்தனை தண்ணீர் கிடைக்கும். ஆளுக்கொரு தொட்டியாகத் தூக்கிக்கொண்டு கீழே போவதென்று முடிவாயிற்று. எல்லாவற்றிலும் கனமான செம்பருத்தித் தொட்டியை, வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், ஆய்வாளரே தூக்கிக்கொண்டார்.

விசில் சார் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். பெட்டி செருமிக்கொண்டே வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிச் சட்டம் பளிச்சென்று தெரிந்தது. 'நேரில் பார்த்தேன். சோதித்தேன். திருப்தி.' கீழே, வாலைச் சுருட்டிப் படுத்த பூனை.

உள்ளே வைக்கப்போன காலை விசில் சார் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பதினொரு தடவை அதில் ஏறி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையலம்மாதான் வாயைத் திறந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதையாவது நேர்ல பாத்தீங்களா?"

எல்லோரும் ஆய்வாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செம்பருத்தித் தொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், படிக்கட்டு வழியாக இறங்கத் தொடங்கினார்.